உட்காரும் முன் மேசையைப் படியுங்கள்: பிளாக்ஜாக் விதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாஸ் வேகாஸில் ஒரே கூடத்தில், பத்தடி இடைவெளியில் இரண்டு பிளாக்ஜாக் மேசைகள் இருக்கும். ஒன்றில் குறைந்தபட்சப் பந்தயம் 15 டாலர், மற்றொன்றில் 25. சீட்டும் ஒன்றுதான், காசினோ சார்பில் சீட்டுப் போடும் டீலரின் சீருடையும் ஒன்றுதான். கூட்டம் 15 டாலர் மேசையில்தான் மொய்க்கும். பெரும்பாலும் அந்த மேசைதான் அதிகம் தின்னும். ஏன் என்பதை மேசை விரிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்; படிப்பவர்தான் குறைவு. இந்தப் பக்கத்துக் கேள்விகள் பெரும்பாலும் அந்த எழுத்துகளைப் பற்றியவைதாம்.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

உங்களுக்கு இரண்டு சீட்டு, டீலருக்கு இரண்டு சீட்டு. டீலரின் ஒரு சீட்டு மட்டும் திறந்திருக்கும். ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் பத்து. ஏஸ் ஒன்றாகவோ பதினொன்றாகவோ நம் வசதிப்படி. 21ஐத் தாண்டாமல் டீலரைவிட அதிகம் வைத்திருந்தால் வெற்றி, சமமாக இருந்தால் பந்தயம் திரும்பக் கிடைக்கும். முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தும் வந்தால் அது பிளாக்ஜாக். அதற்குக் கூடுதல் பணம். இன்னொரு சீட்டு கேட்கலாம், நிற்கலாம், பந்தயத்தை இரட்டித்து ஒரே ஒரு சீட்டு வாங்கலாம், ஒரே மதிப்புள்ள ஜோடியைப் பிரித்து இரண்டு கையாக ஆடலாம். டீலருக்கு இந்தச் சுதந்திரம் எதுவும் இல்லை. 16 வரை வாங்கியே ஆக வேண்டும், 17இல் நின்றே ஆக வேண்டும்.

டீலருக்கு எந்தச் சுதந்திரமும் இல்லையென்றால் காசினோ எப்படிச் சம்பாதிக்கிறது?

நீங்கள் முதலில் ஆடுகிறீர்கள் என்ற ஒரே காரணத்தால். நீங்கள் 21ஐத் தாண்டிய கணமே உங்கள் பந்தயத்தை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குப் பிறகு டீலரும் தாண்டினால்கூடப் பணம் திரும்பி வராது.

டீலர் நூற்றுக்கு ஏறத்தாழ 28 முறை தாண்டுகிறார். நீங்களும் அவரைப் போலவே 16 வரை வாங்கி, 17இல் நின்று ஆடினால் உங்களுக்கும் அதே 28. இருவரும் ஒரே ஆட்டத்தில் தாண்டுவது நூற்றுக்கு 8 முறை அளவுக்கு நடக்கும். அந்த எட்டும் காசினோவின் பெட்டிக்குப் போகிறது. பிளாக்ஜாக்கிற்குத் தரும் கூடுதல் பணம் அதில் இரண்டேகால் சதவீதத்தை ஈடுகட்டுகிறது. மீதி ஐந்தரை சொச்சம். எப்போது நிற்பது, எப்போது இரட்டிப்பது, எதைப் பிரிப்பது என்ற கணக்கு தெரிந்த ஆட்டக்காரர் அந்த ஐந்தரையை அரைக்குக் கொண்டுவந்துவிடுவார். அந்தக் கணக்கைத்தான் அடிப்படை உத்தி என்கிறார்கள். இங்கே நான் தரும் எண்கள் எல்லாம் அதைப் பிசகாமல் ஆடுபவருக்கானவை. மனம் போனபடி ஆடுபவருக்கு இதற்கு மேல் எவ்வளவு போகும் என்பது அவரவர் கைவண்ணம்.

"அரை சதவீதம்" என்றால் நான் கிட்டத்தட்ட பாதி ஆட்டம் ஜெயிப்பேன் என்று அர்த்தமா?

இல்லை. ஏறத்தாழ நூற்றுக்கு 42 ஆட்டம் ஜெயிப்பீர்கள், 49 தோற்பீர்கள், எட்டரை சமனாகும். வெற்றியைவிடத் தோல்வி அதிகம்தான். ஆனால் ஜெயிக்கும் ஆட்டங்களில் சில, இரட்டித்தவையும் பிளாக்ஜாக்கும், பெரிய தொகையாக வருவதால் கணக்கு ஏறக்குறைய நேராகிறது. அரை சதவீத அனுகூலம் என்றால், முதலில் வைக்கும் ஒவ்வொரு 100 டாலருக்கும் சராசரியாக 50 சென்ட் காசினோவிடம் தங்குகிறது என்று பொருள்.

இதிலிருந்து ஒன்று புரியும். உங்கள் கணக்கை நிமிர்த்துவதே இரட்டிப்பும் பிரிப்பும் பிளாக்ஜாக்கும்தான். ஆகவே காசினோ விதியை மாற்ற நினைக்கும்போது கைவைப்பதும் அவற்றின் மீதுதான்.

3:2, 6:5 என்று எழுதியிருக்கிறதே, பெரிய வித்தியாசமா?

மற்ற எல்லா விதிகளையும் ஒரு தட்டில் வைத்து இதை இன்னொரு தட்டில் வைத்தால், இந்தத் தட்டு தாழும்.

3:2 என்றால் 10 டாலர் வைத்துப் பிளாக்ஜாக் அடித்தவருக்கு 15 டாலர். 6:5 என்றால் 12 டாலர். காதுக்கு 6:5 பெரிதாக ஒலிக்கும், அதுதான் அதன் சாமர்த்தியம். பத்து டாலருக்கு மூன்று டாலர் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆறு சீட்டுக்கட்டுகளைச் சேர்த்து ஆடும் ஆட்டத்தில் உங்களுக்குப் பிளாக்ஜாக் வரும் வாய்ப்பு 4.75 சதவீதம், அதாவது 21 ஆட்டத்துக்கு ஒன்று. அவற்றில் சிலவற்றில் டீலருக்கும் பிளாக்ஜாக் வந்து சமனாகிவிடும். அவற்றைக் கழித்தால் 4.53. ஒவ்வொன்றிலும் பந்தயத்தில் 30 சதவீதம் குறைகிறது. பெருக்கினால் 1.36 சதவீதம். அரை சதவீத ஆட்டம் ஏறத்தாழ இரண்டு சதவீத ஆட்டமாகிறது. ஒற்றைப் பூஜ்யம் உள்ள ரூலெட் சக்கரம் எடுப்பது 2.7. அந்த வாசல்படி வரை போய்விட்டீர்கள். இதற்கு இவ்வளவு கணக்கும் மனப்பாடமும் எதற்கு?

சில இயந்திர மேசைகளில் பிளாக்ஜாக்கிற்கும் 1:1தான். அங்கே இழப்பு 2.27 சதவீதம். அதைப் பற்றிப் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

ஆனாலும் 15 டாலர் மேசை மலிவுதானே?

கணக்குப் போடுங்கள். மணிக்கு 70 ஆட்டம் என்று வைப்போம். இரண்டு மேசையிலும் மற்ற விதிகள் ஒன்றே. 15 டாலர் மேசை 6:5, அனுகூலம் 2 சதவீதம். 25 டாலர் மேசை 3:2, அனுகூலம் 0.6.

முதல் மேசையில் மணிக்கு 1,050 டாலர் பந்தயம், அதில் 21 டாலர் போகிறது. இரண்டாவதில் 1,750 டாலர் பந்தயம், 10.50 டாலர் போகிறது. குறைந்த பந்தய மேசையில் நட்டம் இரண்டு மடங்கு. 25 டாலர் மேசையில் ஏற்ற இறக்கம் அதிகம். கையில் கொஞ்சமே பணம் இருப்பவர் அரை மணியில் காலியாகி எழுந்துவிடவும் கூடும். அதை மறுக்கவில்லை. ஆனால் "மலிவு" என்ற சொல்லை 15 டாலர் மேசைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதில் உட்காருவதைவிட, நகரத்தின் பழைய பகுதியில் 3:2 தரும் சின்ன மேசை ஏதாவது கிடைக்குமா என்று நடந்து பார்ப்பது மேல்.

"ஒரே கட்டு" என்று விளம்பரம் செய்கிறார்கள். கட்டு குறைந்தால் நல்லது என்கிறார்களே?

நல்லதுதான். மற்றவை மாறாதபோது ஒரு கட்டிலிருந்து ஆறு கட்டுக்குப் போனால் காசினோவின் அனுகூலம் அரை சதவீதம் அளவுக்குக் கூடும். பெரிய தாவல் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போதே நடந்துவிடுகிறது. ஆறுக்கும் எட்டுக்கும் இடையே 0.02 சதவீதம்தான், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஒரே சீட்டுகள்தானே, கட்டு எண்ணிக்கை ஏன் வித்தியாசம் செய்கிறது? உங்கள் கையில் 6, 5. மொத்தம் 11. டீலரிடம் ஒரு 6 திறந்திருக்கிறது. இரட்டிக்கிறீர்கள், பத்து வர வேண்டும். ஒரு கட்டில் இந்த மூன்று சீட்டும் போக மீதி 49, அதில் பத்து மதிப்புள்ளவை 16. வாய்ப்பு 32.7 சதவீதம். ஆறு கட்டில் மீதி 309, பத்துகள் 96. வாய்ப்பு 31.1. உங்களுக்கு வேண்டாத சின்னச் சீட்டுகள் ஏற்கெனவே கையில் வந்துவிட்டன. சின்னக் கட்டில் அந்தக் கழிவு பளிச்சென்று தெரிகிறது, பெரிய கட்டில் கடலில் கரைத்த பெருங்காயம். பிளாக்ஜாக்கிலும் இப்படித்தான். உங்களிடம் ஒன்று இருக்கும்போது டீலரிடமும் இருக்கும் வாய்ப்பு ஒரு கட்டில் 3.7 சதவீதம், ஆறு கட்டில் 4.6.

இப்போது விளம்பரத்துக்கு வருவோம். 2000களின் தொடக்கத்தில் லாஸ் வேகாஸில் 6:5 பரவத் தொடங்கியதே "ஒரே கட்டு" என்ற பலகையின் கீழ்தான். கட்டைக் குறைத்து அரை சதவீதம் கொடுத்தார்கள், 6:5 ஆக்கி 1.4 எடுத்துக்கொண்டார்கள். ஒரே கட்டு நல்லது என்று எங்கோ படித்துவிட்டு வந்தவருக்கென்றே விரித்த வலை அது. பிறகு கூச்சம் விட்டுப்போய், ஆறு எட்டுக் கட்டு மேசைகளுக்கும் 6:5 வந்துவிட்டது. அங்கே பதிலுக்குக் கொடுத்தது ஒன்றுமில்லை.

"டீலர் சாஃப்ட் 17இல் வாங்க வேண்டும்" என்பது எனக்கு நல்லதா, கெட்டதா? 17இல் நிற்காமல் வாங்கினால் அவர் தாண்ட வாய்ப்பு கூடுமே?

எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். முதலில் நானும் இப்படித்தான் நினைத்தேன்.

சாஃப்ட் 17 என்றால் ஏஸைப் பதினொன்றாக எண்ணி வரும் 17. உதாரணம் ஏஸும் 6ம். இதில் இன்னொரு சீட்டு வாங்கினால் உடனே தாண்டவே முடியாது. ஏஸ் ஒன்றாகச் சுருங்கிக்கொள்ளும்.

உங்களிடம் 18, நின்றுவிட்டீர்கள். டீலர் மூடிய சீட்டைத் திருப்புகிறார்: ஏஸ், 6. பழைய விதியில் அவர் நிற்க வேண்டும், நீங்கள் ஜெயித்தாயிற்று. புதிய விதியில் அவர் கை மறுபடி சீட்டுப் பெட்டிக்குப் போகிறது. 13 மதிப்புகளில் ஏஸ் வந்தால் 18, சமன். 2, 3, 4 வந்தால் 19, 20, 21, நீங்கள் காலி. 10, ஜாக்கி, ராணி, ராஜா வந்தால் மறுபடி 17, இம்முறை ஏஸ் சுருங்கிவிட்டதால் நின்றே ஆக வேண்டும். 5 முதல் 9 வரை வந்தால் 12 முதல் 16க்குள் மாட்டிக்கொண்டு மேலும் வாங்குவார், தாண்டினாலும் தாண்டுவார். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், கையில் இருந்த நிச்சய வெற்றி இப்போது 55 சதவீத வெற்றி, 11 சதவீத சமன், 33 சதவீதத்துக்குச் சற்று மேல் தோல்வி.

மறுபக்கமும் உண்டு. நீங்கள் 13இல் நின்றிருந்தால் பழைய விதியில் நிச்சயத் தோல்வி. புதியதில் ஐந்தில் ஒரு முறை அவர் தாண்டி நீங்கள் பிழைப்பீர்கள். இந்த லாபத்தையும் கழித்துப் பார்த்தால் விதி காசினோவுக்குத் தருவது 0.2 சதவீதம் சொச்சம். டீலருக்கு 17 என்பது மோசமான கை. அதைத் திருத்திக்கொள்ள அவருக்கு ஒரு வாய்ப்புத் தருகிறார்கள், அவ்வளவுதான்.

இந்த விதி உள்ள மேசையில் உங்கள் ஆட்டமும் கொஞ்சம் மாறும். டீலரின் ஏஸுக்கு எதிராக 11ஐ இரட்டிக்க வேண்டும்; ஏஸும் 8ம் வைத்திருந்து டீலரிடம் 6 இருந்தால் அதையும் இரட்டிக்க வேண்டும். 19ஐ உடைக்கிறானே என்று பக்கத்தில் இருப்பவர் முகத்தைச் சுளிப்பார்.

இரட்டிப்பதற்குக் கட்டுப்பாடு இருந்தால்?

எந்த இரண்டு சீட்டிலும் இரட்டிக்கலாம் என்பது நல்ல விதி. 10, 11இல் மட்டும் என்றால் ஆறு கட்டு ஆட்டத்தில் 0.18 சதவீதம் போகும். 9, 10, 11 என்றால் அதில் பாதி. பிரித்த கையிலும் இரட்டிக்கலாம் என்றால் 0.14 உங்களுக்கு வரவு. டீலர் 5 அல்லது 6 காட்டித் தத்தளிக்கும் நேரத்தில்தான் பந்தயத்தைக் கூட்ட வேண்டும். அந்த நேரத்தில் கையைக் கட்டிப்போடுவதுதான் இந்தக் கட்டுப்பாடுகளின் வேலை.

ஏஸைப் பிரித்த பிறகு மறுபடி ஏஸ் வந்தால்?

பல இடங்களில் மறுபடி பிரிக்க விடமாட்டார்கள். விட்டால் உங்களுக்கு 0.08 கிடைக்கும். நல்லதுதான், ஆனால் இதற்காக மேசை மாற வேண்டியதில்லை.

சரண்டர் என்பது என்ன? பாதிப் பணத்தை விட்டுக்கொடுப்பது கோழைத்தனம் இல்லையா?

உங்களிடம் 16, டீலரிடம் 10. வாங்கினாலும் நின்றாலும் ஒவ்வொரு டாலருக்கும் சராசரியாக 54 சென்ட் போகிறது. சரண்டர் சொன்னால் 50 சென்ட் போகிறது. நான்கு சென்ட் மிச்சம். கோழைத்தனத்துக்கு நான்கு சென்ட் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு கட்டு ஆட்டத்தில் டீலரின் 9, 10, ஏஸுக்கு எதிரான 16ம், பத்துக்கு எதிரான 15ம்தான் முக்கியமாக இதற்குரிய கைகள். எட்டு ஜோடியாக வந்த 16ஐ மட்டும் சரண்டர் செய்யாதீர்கள், பொதுவாக அது பிரிப்பதற்கு.

டீலர் தன்னிடம் பிளாக்ஜாக் இல்லை என்று பார்த்து உறுதிசெய்த பிறகே சரண்டர் செய்யலாம் என்பதுதான் இன்றைய வழக்கம். அதன் மதிப்பு 0.08 அளவு. பார்ப்பதற்கு முன்பே சரண்டர் செய்யலாம் என்றால் மதிப்பு 0.6க்கு மேல்! அப்படி ஒரு விதி உண்மையிலேயே இருந்தது. நியூ ஜெர்சி மாநிலத்தின் அட்லாண்டிக் சிட்டியில் 1978இல் முதல் காசினோ திறந்தபோது இந்த விதியோடுதான் திறந்தது. அடிப்படை உத்தி தெரிந்தவரிடம் காசினோவுக்கு அனுகூலமே இல்லாத நிலை. போன சீட்டுகளை நினைவில் வைத்து ஆடும் சீட்டு எண்ணுபவர்கள் நாடெங்கிலுமிருந்து வந்து குவிந்தார்கள். 1981இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள்.

லண்டனில் டீலருக்கு முதலில் ஒரு சீட்டுதான் தருகிறார்கள். அதனால் என்ன?

அமெரிக்காவில் டீலர் ஏஸோ பத்தோ காட்டினால் மூடிய சீட்டை எட்டிப் பார்த்துவிடுவார். பிளாக்ஜாக் என்றால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. நீங்கள் கூடுதலாக எதையும் இழக்க மாட்டீர்கள். பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பல காசினோக்களிலும் டீலரின் இரண்டாவது சீட்டு எல்லாரும் ஆடி முடித்த பிறகே வரும். எட்டுகளைப் பிரித்து, ஒன்றை இரட்டித்து, மூன்று மடங்கு பந்தயம் மேசையில் கிடக்கும்போது டீலரின் பத்தோடு ஏஸ் வந்து உட்கார்ந்தால் மூன்றும் போச்சு. இதன் விலை 0.11 சதவீதம். அதுவும் ஆட்டத்தை மாற்றிக்கொண்டால்தான்: டீலரின் பத்துக்கும் ஏஸுக்கும் எதிராக 11ஐ இரட்டிக்காதீர்கள், எட்டுகளைப் பிரிக்காதீர்கள்.

டீலர் ஏஸ் காட்டும்போது இன்சூரன்ஸ் எடுக்கலாமா?

வேண்டாம்.

காரணம் கேட்டால்: அது உங்கள் கைக்கான காப்பீடே அல்ல, டீலரின் மூடிய சீட்டு பத்தா என்று கேட்கும் தனிப் பந்தயம். 2:1 தருகிறார்கள். நட்டமில்லாமல் இருக்க மூன்றில் ஒரு முறை பத்து வர வேண்டும். ஆறு கட்டில் அந்த ஏஸ் போக மீதி 311 சீட்டு, பத்துகள் 96. ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர் வைத்தால் 192 வரும், 215 போகும். 7.4 சதவீத நட்டம். பெயர் சூட்டியவர் கெட்டிக்காரர்.

எனக்குப் பிளாக்ஜாக், டீலரிடம் ஏஸ். "சமப் பணம் வேண்டுமா?" என்று கேட்கிறார். அதுவாவது நிச்சயம்தானே?

நிச்சயம்தான், ஆனால் விலை கூடுதல். அது இன்சூரன்ஸேதான், வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. 3:2 மேசையில் மறுத்துவிட்டால் ஒவ்வொரு டாலருக்கும் சராசரியாக 1.04 டாலர் கிடைக்கும். ஏற்றால் ஒரு டாலர்.

வேடிக்கை என்னவென்றால், 6:5 மேசையில் மறுத்தால் கிடைப்பது 83 சென்ட்தான். அங்கே சமப் பணம் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளலாம். அதனால்தான் 6:5 மேசைகளில் பொதுவாக அதைக் கேட்பதே இல்லை. கணக்கு அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

தானாகக் கலைக்கும் இயந்திரம் ஏமாற்றுகிறதா?

இல்லை. விளையாடிய சீட்டை உடனுக்குடன் உள்ளே விழுங்கிக் கலைத்துக்கொண்டே இருக்கும் இயந்திரம், அடிப்படை உத்தி மட்டும் ஆடுபவருக்கு மயிரிழை அளவு நன்மையே செய்கிறது. நட்டம் வேறு வழியில் வருகிறது: கலைப்பதற்கான இடைவேளை இல்லாததால் மணிக்கு அதிக ஆட்டம் ஆடுகிறீர்கள். அதே சதவீதம், அதிகப் பந்தயம். சீட்டு எண்ணுபவருக்கு இந்த இயந்திரத்தின் முன் வேலையே இல்லை.

இந்தக் கணக்குகளை யார் போட்டது?

முதலில் நான்கு அமெரிக்க ராணுவத்தினர். பால்ட்வின், கேண்டி, மைசல், மெக்டெர்மட். மேரிலாந்தின் அபர்டீன் ராணுவத் தளத்தில், மேசைக் கணக்கு இயந்திரங்களைத் தட்டித் தட்டியே அடிப்படை உத்தியைக் கண்டுபிடித்து, 1956இல் அமெரிக்கப் புள்ளியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டார்கள். அதைப் படித்த கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தார்ப், எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஐபிஎம் 704 கணினியில் மேலும் துல்லியமாகக் கணக்கிட்டு, போன சீட்டுகளை நினைவில் வைத்தால் காசினோவையே மிஞ்சலாம் என்று நிறுவினார். அவருடைய புத்தகம் 1962இல் வந்தது.

இதற்குக் காசினோக்கள் காட்டிய எதிர்வினைதான் இந்தப் பக்கத்துக்கே பாயிரம் மாதிரி. 1964 ஏப்ரலில் லாஸ் வேகாஸ் காசினோக்கள் விதியை மாற்றின: ஏஸைப் பிரிக்கக் கூடாது, 11இல் மட்டுமே இரட்டிக்கலாம். ஆட்டக்காரர்கள் மேசையை விட்டு எழுந்து போய்விட்டார்கள். கணக்குத் தெரிந்த சிலர் மட்டுமல்ல, ஒன்றும் தெரியாதவர்களும்தான். வழக்கமான உரிமை பறிபோனது அவர்களுக்கே உறைத்தது. சில வாரங்களில் பழைய விதி திரும்பியது. அதே நகரத்தில் 40 ஆண்டு கழித்து 6:5 வந்தபோது யாரும் எழுந்து போகவில்லை. ஏஸைப் பிரிக்காதே என்றால் கோபம் வருகிறது. 15 டாலருக்குப் பதில் 12 டாலர் தந்தால், ஜெயித்த சந்தோஷத்தில் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறோம்.

சீட்டு எண்ணுவது குற்றமா?

மூளையால் எண்ணுவது குற்றமல்ல. கருவி வைத்து எண்ணினால், லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் குற்றம். நெவாடா காசினோ உங்களை எழுந்து போகச் சொல்லலாம். நியூ ஜெர்சியில் அதுவும் முடியாது. சீட்டு எண்ணும் ஆட்டக்காரர் கென் அஸ்டன் தொடுத்த வழக்கில் 1982இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது. பதிலுக்கு அங்கே கட்டுகளைக் கூட்டுவார்கள், அடிக்கடி கலைப்பார்கள். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 6:5 மேசையில் எண்ணுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சேந்துவது.

ரம்மி நன்றாக ஆடுவேன். அது இங்கே உதவுமா?

சீட்டு கையில் பழகியிருக்கும், அவ்வளவுதான். ரம்மியில் எதிரே இருப்பவர் எதை எடுத்தார், எதைக் கழித்தார் என்று பார்த்து மனதைப் படிக்கலாம். பிளாக்ஜாக் டீலருக்குப் படிக்க மனமே இல்லை, விதிதான் ஆடுகிறது. விதி ஆடுவதால்தான் ஒவ்வொரு விதிக்கும் இத்தனை சதவீதம் என்று இரண்டு தசம இடத்துக்குச் சொல்ல முடிகிறது.

ஸ்பானிஷ் 21, பிளாக்ஜாக் ஸ்விட்ச் போன்றவை?

இவை விதியை மாற்றுவதில் போன எல்லை. ஸ்பானிஷ் 21இல் ஒவ்வொரு கட்டிலிருந்தும் நான்கு 10களை உருவிவிடுகிறார்கள்; ராஜா, ராணி, ஜாக்கி இருக்கும். அது பெரிய இழப்பு. பதிலுக்கு உங்கள் 21 எப்போதும் ஜெயிக்கும், எத்தனை சீட்டு வாங்கிய பிறகும் இரட்டிக்கலாம், 7-7-7 போன்ற கைகளுக்குத் தனிப் பரிசு. அதற்கென்றே உள்ள உத்தியைப் படித்து ஆடினால் அனுகூலம் 0.4 முதல் 0.8 வரை, அதாவது 6:5 பிளாக்ஜாக்கைவிட எவ்வளவோ தேவலாம்.

ஸ்விட்சில் இரண்டு கை ஆடி, மேல் சீட்டுகளை மாற்றிக்கொள்ளலாம். கேட்டால் திருட்டு மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் டீலர் 22 எடுத்தால் தாண்டியதாகக் கணக்கில்லை, பெரும்பாலான கைகள் சமன். பிளாக்ஜாக்கிற்கு 1:1. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுப்பது இந்த ஆட்டங்களின் பொது இலக்கணம். "ஐந்து சீட்டு வாங்கியும் தாண்டாவிட்டால் வெற்றி" என்று எங்காவது எழுதியிருந்தால் அது 1.46 சதவீதம் பெறுமானமுள்ள சலுகை. உடனே வேறு எதைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று தேடுங்கள்.

பக்கப் பந்தயங்கள்?

ஜோடி வருமா, ஃப்ளஷ் (எல்லாம் ஒரே இனச் சீட்டு) வருமா என்று கேட்கும் அந்தச் சின்ன வட்டங்கள் பிளாக்ஜாக்கே அல்ல. பிரதான ஆட்டம் எடுப்பதைப் போலப் பல மடங்கு எடுக்கும். வட்டம் காலியாகவே இருக்கட்டும்.

நான் சிங்கப்பூர்வாசி. மரினா பே சாண்ட்ஸில் ஆட எந்த விதியைப் பார்க்க வேண்டும்?

முதலில் வாசலில் இருக்கும் விதியை. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் காசினோவுக்குள் நுழைய 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்ட வேண்டும். 2019 ஏப்ரலுக்கு முன் அது 100. உள்ளே அரை சதவீத ஆட்டமே கிடைத்ததாக வைப்போம். 25 வெள்ளிப் பந்தயம், மணிக்கு 70 ஆட்டம் என்றால் மணிக்கு 8.75 வெள்ளி போகும். நுழைவுக் கட்டணம் மட்டுமே 17 மணி நேர ஆட்டத்தின் நட்டத்துக்குச் சமம். சாஃப்ட் 17 பற்றிய கவலையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மேசையில் எல்லா விதியும் எழுதியிருக்குமா?

இருக்காது. விரிப்பில் வளைவாக இரண்டு மூன்று வரிதான்: பிளாக்ஜாக்கிற்கு எவ்வளவு, சாஃப்ட் 17இல் டீலர் என்ன செய்வார், இன்சூரன்ஸ் 2:1. 6:5 மேசைகளில் அந்த முதல் வரி சில சமயம் விரிப்பில் இருக்காது. குறைந்தபட்சப் பந்தயம் எழுதிய சின்னப் பலகையின் அடியில், பொடி எழுத்தில் இருக்கும். அதையும் பாருங்கள். மற்றவற்றை உட்காருவதற்கு முன்பே டீலரிடம் கேட்கலாம், தயங்க வேண்டாம்: "சரண்டர் உண்டா? பிரித்த பிறகு இரட்டிக்கலாமா? ஏஸை மறுபடி பிரிக்கலாமா?" நேராகப் பதில் சொல்வார்கள், நாளெல்லாம் அதே மேசையில் நிற்பவருக்கு, உட்காருவதற்கு முன் கேட்கும் ஆளைப் பார்ப்பது அபூர்வம்.